துண்டுக்கடியில் ஒரு கதை

வியாகுலம்மாள் டீச்சர் சாயங்கால பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சரித்திரமே கிடையாது. கடைசி மணி அடிக்கும்போதே கைப்பை தோளுக்கு ஏறியிருக்கும். பிள்ளைகள் தேசிய கீதம் பாடி முடிப்பதற்கும் அவள் வாசலில் கிடக்கிற செருப்பில் காலை நுழைப்பதற்கும் சரியாக இருக்கும். அய்யலூரிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற அந்த ஊருக்கு வந்து போவது ஒரே ஒரு மினி பஸ். அதை விட்டால் மெயின் ரோடு வரைக்கும் நடந்து, திண்டுக்கல் போகிற வண்டி எதையாவது கைகாட்டி நிறுத்தி, இடித்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். டீச்சரைப் பார்த்துத்தான் டிரைவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார் என்று தலைமையாசிரியர் நல்லுசாமி கேலி பேசுவார். கேலி பேசட்டும், அவருக்கென்ன, பைக் இருக்கிறது.

அந்தத் தொடக்கப்பள்ளிக்கு வாத்தியார்கள் இரண்டே பேர். சின்ன வகுப்புகளை நல்லுசாமி பார்த்துக்கொண்டார். நாலாவதையும் ஐந்தாவதையும் ஒரே அறையில் உட்காரவைத்து வியாகுலம்மாள் மேய்த்தாள். அந்த அறை மூலையில் ஓர் இரும்பு பீரோ. அதற்குள் அரசாங்கம் அனுப்பிவைத்த கதைப் புத்தகங்கள். வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம், எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பாடப் புத்தகமே பெரும்பாடு, இதில் கதைப் புத்தகம் ஒரு கேடா என்று விட்டுவிட்டார்கள். ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி தமிழ்மதி. ஐந்தாவது படித்தாள். அம்மா நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவள். மில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய் அள்ளிக்கொண்டு வந்து இறக்கும். வீட்டில் பேச ஆளில்லாததாலோ என்னவோ, எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் அந்தப் பிள்ளை விடாது. வடை மடித்து வந்த காகிதத்தை எண்ணெய் கையில் வழிய வழிய இரண்டு பக்கமும் படிக்கும். மாத்திரை அட்டையைப் படிக்கும், சத்துணவு அரிசி மூட்டையைச் சுற்றி வந்து படிக்கும். பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டால் மணி அடித்தாலும் காதில் விழாது. யாராவது போய்த் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்.

வியாகுலம்மாளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிரும். இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் இப்படி ஒரு பிள்ளை அவளுக்கு வாய்த்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள், திருஷ்டி பட்டுவிடும். ஆனால் ஆசை யாரை விட்டது? ஒரு தமிழ்மதி இருக்கிற வகுப்பில் நாலைந்து தமிழ்மதி இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அந்தச் சமயம் பார்த்துத் திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி. மேடையேறிய ஒரு அம்மா, சின்னப் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பரிசு போல ஒரு மருந்து கிடையாது, கொடுத்துப் பாருங்கள் என்று பேசிவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டோடு மற்ற டீச்சர்கள் அதை மறந்துபோனார்கள். வியாகுலம்மாள் மறக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சௌகத் அலியின் ஃபேன்சி கடையில் ஏறி, ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிற ரப்பர், தலையில் பொம்மை ஆடுகிற பென்சில், மினுமினுக்கிற ஸ்டிக்கர் என்று ஒரு பெட்டி நிறைய வாங்கிவிட்டாள். பில்லைப் போட்டுவிட்டு, கொண்டுபோன சரக்கு திரும்பி வந்தால் எடுக்க மாட்டேன் என்று சௌகத் அலி சிரித்துக்கொண்டே சொன்னார். திரும்பி வருவதாவது, போதாமல் போனால்தான் கஷ்டம் என்றாள் டீச்சர்.

ஏற்பாடு ரொம்ப எளிது. பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படிக்க வேண்டும். படித்துவிட்டு வகுப்புக்கு முன்னால் வந்து நின்று கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பெட்டியிலிருந்து பிடித்ததாக இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளலாம். நல்லுசாமி பெட்டியைத் திறந்து ஒரு ரப்பரை மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“டீச்சர், இது சந்தைக்காரப் பிள்ளைக. பாத்துச் செய்யுங்க.”

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அய்யலூர் ஆட்டுச் சந்தை என்றால் வியாழக்கிழமை விடிவதற்குள் ஊரே அங்கேதான் நிற்கும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பனோ மாமனோ ஆட்டு வியாபாரி, இல்லாவிட்டால் தரகன். வியாழக்கிழமை வருகைப் பதிவில் பையன்கள் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். பல்லைப் பிடித்துப் பார்த்து ஆட்டுக்கு வயசு சொல்வதும், முதுகைத் தடவி எடை சொல்வதும் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். இதெல்லாம் வியாகுலம்மாளுக்கும் தெரியும். ஆனால் ரப்பருக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் வாரம் இரண்டு பேர் கதை சொன்னார்கள். அடுத்த வாரம் வரிசை கட்டி நின்றார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் முகேஷ்குமார்! தரகர் ராமரின் மகன், நாலாவது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் அந்த வரியிலேயே குடித்தனம் நடத்துகிற பயல். அவன் எழுந்து வந்து, கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, சிங்கத்துக்கு ஒரு குரல் முயலுக்கு ஒரு குரல் வைத்துக் கதை சொன்னான். வகுப்பே வாயைப் பிளந்தது. வியாகுலம்மாள் அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. தமிழ்மதி ஒரு தடவைகூடப் பரிசு வாங்க எழுந்து வரவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துப்போவாள், மறுநாளே கொண்டுவந்து வைப்பாள். கதை சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். கூச்ச சுபாவம், படிப்பதே அவளுக்குப் பரிசு போலிருக்கிறது என்று நினைத்து டீச்சர் இன்னும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள். ஆளை எடைபோடத் தெரியாததில் டீச்சர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

ஒருநாள் மத்தியானம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பார்க்கப் போனவள், தொட்டிக்குப் பின்னால் முகேஷ்குமாரையும் தமிழ்மதியையும் பார்த்தாள். இருவரும் எதிரெதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பச்சைத் துண்டு. ராமர் தோளில் கிடந்து சாயம் போன துண்டு அது. இருவருடைய வலது கையும் துண்டுக்கு உள்ளே இருந்தது. இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் மற்ற பிள்ளைகள் தள்ளி நின்று, பெரிய மனுஷர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை சந்தைக்குள் ஒரு தரம் நுழைந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். வாங்குகிறவனும் விற்கிறவனும் விலையை வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். துண்டைப் போட்டு மறைத்து, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன கணக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது. முடிந்தால் கயிறு கைமாறும், முடியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதையெல்லாம் பார்த்திருந்த டீச்சருக்கே இங்கே ஆடு எங்கே என்று புரியவில்லை. கூட்டத்தில் நின்ற விக்னேஷ்குமார்தான் உடைத்தான். அவன் வாயில் எதுவும் தங்காது.

“கத வெல பேசுறாக டீச்சர்.”

இழுத்து உட்காரவைத்துக் கேட்டதில் மொத்தமும் வெளியே வந்தது. புத்தகத்தைப் படிப்பது தமிழ்மதி. படித்த கதையை முகேஷ்குமாரிடம் சொல்லிவிடுவாள். அவன் தரகன். யாருக்குக் கதை வேண்டுமோ அவனைப் பிடித்து, கதையைச் சொல்லிக்கொடுத்து, எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்பது வரைக்கும் பழக்கி அனுப்புவான். பரிசு வந்ததும் கதை வாங்கினவன் பேசின பங்கைக் கொடுத்துவிட வேண்டும். அதில் பெரும் பங்கு தமிழ்மதிக்கு, தரகு முகேஷ்குமாருக்கு. புத்தகங்களுக்குத் தரம்கூடப் பிரித்துவைத்திருந்தார்கள். மெல்லியது பல்லுப் போடாத குட்டி, கொஞ்சம் தடித்தது ரெண்டு பல்லு, பெரிய புத்தகம் கெடா. முகேஷ்குமார் சொன்ன கதைகளில் ஒன்றைக்கூட அவன் படித்ததில்லை. பரிசு வாங்கிய ஒருவனும் படித்ததில்லை. கதையைச் சொல்லு என்றுதான் டீச்சர் கேட்டாளே தவிர, படித்துக் காட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. வாயாலே சரக்கை விற்கிற ஊரில் போய் இப்படி ஒரு விதி வைத்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

வியாகுலம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தமிழ்மதியின் பையைத் திறக்கச் சொன்னாள். அடியில் ரப்பர்கள், பென்சில்கள், பிரிக்காத ஸ்டிக்கர்கள். ஸ்ட்ராபெரி வாசனை குப்பென்று அடித்தது. ஒன்றைக்கூட அவள் உபயோகப்படுத்தியிருக்கவில்லை.

திட்டுவதற்கு டீச்சருக்கு மனம் வரவில்லை. என்னதான் இருந்தாலும் புத்தகங்களை அவள் ஒருத்தியாவது படித்திருக்கிறாளே என்று ஆறுதல் தேடினாள். பீரோவில் மேல் தட்டில் அவளுக்கென்றே எடுத்துவைத்திருந்த சின்னப் புத்தகம் ஒன்று உண்டு. மழை பெய்கிற ஒருநாளைப் பற்றியது, கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதைப் படித்தாயா, பிடித்திருந்ததா என்று கேட்டாள்.

“அது குட்டி டீச்சர். வெல போகாது. அதப் படிக்கல.”

மற்றதில் எது பிடித்தது என்று கேட்டதற்கு, எது சீக்கிரம் முடிந்ததோ அது என்றாள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தால் பாதிக் கதை வந்துவிடுமாம், நடுவில் படத்தைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். மறைத்துச் சொல்லவில்லை, தொழில் ரகசியத்தைச் சொல்கிற பெருமையோடுதான் சொன்னாள். வியாகுலம்மாள் மழைப் புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, இதைப் படிடா கண்ணு, உனக்காகத்தான் வைத்திருந்தேன் என்றாள். பிள்ளை புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தடிமனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

“இதப் படிச்சா என்ன டீச்சர் தருவீங்க?”

வடைக் காகிதத்தை இரண்டு பக்கமும் படித்த பிள்ளை இது. மாதாவே, இருந்த ஒன்றையும் நானே கெடுத்துவிட்டேனே என்று வியாகுலம்மாள் மனசுக்குள் அலறினாள். வெளியே, போ, மணி அடிக்கப்போகிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே பரிசை நிறுத்தினாள். பெட்டியில் பாதிக்கு மேல் சரக்கு மிச்சம். சௌகத் அலி எடுக்க மாட்டார், முன்னாலேயே சொல்லிவிட்டார். பெட்டியை பீரோவின் அடித்தட்டில் தள்ளிப் பூட்டினாள். ஒரே வாரத்தில் சந்தை கலைந்தது. வரிசையில் நின்றவர்கள் கோலிக்குண்டுக்குத் திரும்பினார்கள். முகேஷ்குமார் பழையபடி ஒரு வரியில் குடியேறினான். நல்லுசாமி, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அப்படி ஒரு பார்வை பார்க்க அவருக்குத் தெரியும்.

அதையெல்லாம் டீச்சர் தாங்கிக்கொண்டாள். தமிழ்மதியைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பீரோ பக்கமே வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாலும் சும்மா உட்கார்ந்திருந்தாள், குச்சியால் மண்ணைக் கிளறினாள். பெஞ்சில் ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தாள் டீச்சர். சாயங்காலம் அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. சத்துணவு மூட்டை புதிதாக வந்து இறங்கியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் சில மாசத்தில் பிள்ளை ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போய்விடும். படிக்கிற பிள்ளையாக வந்தவளைப் படிக்காத பிள்ளையாக்கி அனுப்பிவைத்த புண்ணியம் தன்னைச் சேருமே என்று வியாகுலம்மாளுக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், கடைசிப் பீரியடில் தானே ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். கைக்கு வந்த புத்தகம். அவளும் அதை முன்னால் படித்ததில்லை. சந்தைக்கு வந்த ஒரு வெள்ளாட்டுக் குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, புறப்பட்டு நிற்கிற பஸ்ஸில் ஏறிவிடுகிற கதை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் என்றால் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர்களுக்கு ஆயிரம் சந்தேகம். கயிறு எப்படி அறும், முடிச்சு சரியில்லையா, குட்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டதா, அச்சாரம் வாங்கின குட்டியா வாங்காததா? முகேஷ்குமார் பெஞ்சை விட்டு எழுந்தே நின்றான். தமிழ்மதி தலையைக் கவிழ்த்து, காம்பஸால் பெஞ்சில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பஸ்ஸுக்குள் குட்டி என்னுடையது என்று ஒரு வியாபாரி சொல்கிறான். இல்லை, அது நான் வளர்த்தது, எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள் என்று ஒரு சின்னப் பெண் அழுகிறாள். கண்டக்டர் விசில் ஊதுகிறார், பஸ் நிற்கிறது. அந்த இடத்தில் நல்லுசாமி செல்போனும் கையுமாக வாசலில் வந்து நின்றார். வாக்காளர் பட்டியல் வேலைக்கு வியாகுலம்மாள் உடனே புறப்பட வேண்டும், நாளையிலிருந்து வீடு வீடாகப் போக வேண்டும், எப்போது முடியும் என்று தெரியாது. டீச்சர் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு அப்படியே கிளம்பினாள். பிள்ளைகள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தெருத்தெருவாக அலைந்து, யார் வீட்டில் யார் இருக்கிறார், யார் திருப்பூர் போய்விட்டார் என்று கேட்டு எழுதி, கால் வீங்கித்தான் அவள் பள்ளிக்கூடம் திரும்பினாள். அதற்குள் ஊர்ப்பட்ட நாள் ஓடிப்போயிருந்தது. நல்லுசாமி அவளைக் கண்டதும் முதலில் சொன்னது, உங்கள் சந்தை மறுபடியும் கூடிவிட்டது டீச்சர் என்பதுதான். நான் பரிசு ஒன்றும் கொடுக்கவில்லையே என்றாள் அவள். அதுதான் எனக்கும் விளங்கவில்லை என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இதுதான். டீச்சர் போன மறுநாள் முகேஷ்குமார் நேரே தமிழ்மதியிடம் போயிருக்கிறான். மிச்சக் கதை வேண்டும், என்ன விலை என்று கேட்டிருக்கிறான். பரிசு இல்லாத புத்தகத்தை நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். கெஞ்சியிருக்கிறான், தன் தரகில் மிச்சம் இருந்ததையெல்லாம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவள் மசியவில்லை. குட்டி யாரிடம் போனது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியவில்லை. தரகன் வீட்டுப் பிள்ளைக்கு அது சாதாரண விஷயமா? கடைசியில் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதில் விரலை வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்து அய்யலூரில் நல்லுசாமி வீட்டு வாசலில் வந்து நின்றான். குளிக்கப் போனால் பாத்ரூம் கதவைத் தட்டிக் கேட்டான். பயல் ஆட்டை மேயவிட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஆடு அடுத்தவன் சோளத்தில் இறங்கிவிட்டது என்று ராமர் பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டார்.

“படிச்சு முடிச்சுட்டானா சார்?” என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

“முடிச்சுட்டான். இப்ப முடிவ வித்துக்கிட்டுத் திரியிறான்.”

அன்றைக்குக் கடைசிப் பீரியடுக்கு முன்னால் அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். ஒளிந்து பார்க்கப் போகவில்லை, ஆனால் செருப்புச் சத்தம் கேட்காமல்தான் போனாள். பச்சைத் துண்டு விரிந்திருந்தது. இந்தப் பக்கம் முகேஷ்குமார், மடியில் அந்தப் புத்தகம். அட்டை கசங்கி, ஓரமெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது. வாங்கவேண்டியவர்களெல்லாம் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, சுற்றி நின்றவர்களுக்குக் குட்டியின் கதி தெரியும், சிரித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் தமிழ்மதி. கடைசிவரை வீம்பு பிடித்துப் பார்த்துவிட்டு வந்தவள் முகம் அது. பை திறந்து கிடந்தது. சேர்த்துவைத்த ரப்பர்கள் வெளியே எட்டிப் பார்த்தன.

கைகள் உள்ளே போயின. துண்டு கொஞ்சம் அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது. முகேஷ்குமார் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அப்படியே அவன் அப்பன். தமிழ்மதியின் காது மடல் சிவந்தது. அவள் ஒரு விரலைப் பிடித்திருப்பாள், அவன் வேறு விரலைப் பிடித்திருப்பான். வெடுக்கென்று கையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

“அம்புட்டா? போடா. நானே படிச்சுக்கிறேன்.”

“புத்தகம் எங்கிட்டல்ல இருக்கு” என்றான் அவன்.

அவள் அவன் மடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள், பையை அங்கேயே விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் போனாள். முகேஷ்குமார் நியாயம் கேட்கத் திரும்பினான், டீச்சரைப் பார்த்தான். அது பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். டீச்சர் அவன் தலையில் கை வைத்து, அப்படி என்னடா விலை சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

“துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லக் கூடாது டீச்சர்.”

கடைசி மணி அடித்தது. தேசிய கீதத்துக்குத் தமிழ்மதி மரத்தடியிலேயே எழுந்து நின்றாள், விரல் புத்தகத்துக்குள் இருந்தது. பாட்டு முடிந்ததும் நின்ற இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள். முதல் பக்கத்துக்கும் போகவில்லை, கடைசிப் பக்கத்துக்கும் போகவில்லை. அன்றைக்குக் கண்டக்டர் விசில் ஊதிய இடத்தில் இருந்தாள். காம்பஸால் கோடு கிழித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறாள், கள்ளி.

வியாகுலம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்புக்குள் போய், தன்னை அறியாமல் பீரோவைத் திறந்து அடித்தட்டில் கை வைத்தாள். பெட்டி தட்டுப்பட்டது. எதையாவது கொண்டுபோய் அந்தப் பிள்ளை கையில் திணிக்க வேண்டும் போல இருந்தது. மூடியைத் திறந்ததும் ஸ்ட்ராபெரி வாசனை மூக்கில் ஏறியது. சட்டென்று மூடினாள். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

பிள்ளைகள் போய்விட்டார்கள். நல்லுசாமியின் பைக் சத்தமும் தேய்ந்துவிட்டது. கைப்பை தோளில், செருப்பு காலில், வழக்கம்போலத்தான் நின்றாள். ரோட்டு முக்கில் மினி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. டீச்சர் இல்லாமல் அது கிளம்பிப் பழக்கமில்லை, இன்னொரு தரம் அடித்தது. போய்த் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும், வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். அவள் இரண்டு எட்டு எடுத்துவைத்தாள்.

“செத்த நேரம் டீச்சர்” என்றாள் தமிழ்மதி, தலையை நிமிர்த்தாமலே.

பஸ் மூன்றாவது தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தூசி அடங்குகிற வரைக்கும் வியாகுலம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் போட்டாள்.